கணிப்பொறிப் பாடம்: முந்நூறு கோடி ஏன் மைனஸ் ஆனது?

சி மொழி படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் சந்தேகம் இது. "கல்லூரி லினக்ஸில் 300,00,00,000 என்று சரியாக அச்சான தொகை, வீட்டு விண்டோஸில் -129,49,67,296 என்று வருகிறதே, ஏன் அங்கிள்?" கணக்கில் பிழையில்லை. அச்சிட்ட விதத்தில்தான் பிழை.

இன்ட், லாங் ஆகியவற்றுக்குச் சி மொழி குறைந்தபட்ச அளவை மட்டுமே விதிக்கிறது. பெற்றோர்களில் பலர் பழகிய டர்போ சி-யில் இன்ட் 16 பிட்தான், 32,767-ஐத் தாண்டாது. இன்றும் லாங் என்பது 64 பிட் லினக்ஸில் 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட். இந்தக் குழப்பத்துக்காகவே 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் இன்ட்32_டி, இன்ட்64_டி போன்ற அளவு மாறாத வகைகள் வந்தன.

ஆனால் இவை புனைபெயர்களே. இன்ட்64_டி என்பது லினக்ஸில் லாங், விண்டோஸில் லாங் லாங். பிரின்ட்எஃப்-க்குத் தன்னிடம் வந்த எண்ணின் வகை தெரியாது. நாம் எழுதிய குறியை அப்படியே நம்பும். %எல்டி என்று எழுதினால் விண்டோஸில் 32 பிட் மட்டும் படிக்கும். 300 கோடியிலிருந்து 2-இன் 32-ஆம் அடுக்கான 429,49,67,296-ஐக் கழித்துப் பாருங்கள், அந்த மைனஸ் தொகை வந்துவிடும்.

இதற்கு இன்ட்டைப்ஸ்.ஹெச் என்ற தலைப்புக் கோப்பைச் சேர்த்து இப்படி எழுத வேண்டும்:

பிரின்ட்எஃப்("%" பிஆர்ஐடி64 "\என்", தொகை);

பி, ஆர், ஐ மூன்றும் பெரிய எழுத்து. டி சிறிய எழுத்து. இந்தப் பெயர் மேற்கோள் குறிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே எழுதிவிட்டு வந்து நிற்பவர்களே அதிகம்! அந்தந்தக் கணிப்பொறிக்கு உரிய எழுத்துகளை அது தரும். அடுத்தடுத்த மேற்கோள் தொடர்களைக் கம்பைலர் ஒட்டிவிடும். குறியில்லா எண்ணுக்கு டி-க்குப் பதில் யு.

லாங் லாங் ஆக மாற்றி %எல்எல்டி போடுவதும் சரியே. எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்கேன்எஃப்-க்கு மட்டும் அந்த வழி உதவாது. அங்கே எஸ்சிஎன்டி64 வேண்டும். தவறான குறி போட்டால் பக்கத்து மாறியின் நினைவகத்திலும் எழுதிவிடக்கூடும்.

பயிற்சி: இன்ட்64_டி மாறியில் 214,74,83,648 வைத்து %டி போட்டு அச்சிடுங்கள். ஜிசிசி-யில் -டபிள்யூஆல் சேர்த்துக் கம்பைல் செய்து, எச்சரிக்கை என்ன சொல்கிறது என்று படியுங்கள்.