சானடோரியத்திலிருந்து சேத்துப்பட்டு வரை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்ததென்று உன் அப்பா சிட்லபாக்கம் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான். கையில் இனிப்புப் பெட்டி, முகத்தில் கவலை. அமெரிக்காவில் போஸ்ட்டாக் கிடைத்தால்தான் ஆய்வு வாழ்க்கை, இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையில் ஏதோ ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் நடத்தியே காலம் போய்விடும் என்று நீ சொன்னாயாம். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இரண்டில் எது என்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நரம்பு மருந்தியலில் எந்தக் கேள்வியோடு அடுத்த பத்து ஆண்டைக் கழிக்கப்போகிறாய்? அது தெரியாமல் பாஸ்டன் போனாலும் பல்லாவரம் போனாலும் ஒன்றுதான்.

பூனைக்காலியிலிருந்து தொடங்கலாம். வேலியில் படரும் கொடி. காயின் மேல் பழுப்பு நிற மென்மயிர் மூடியிருக்கும். தெரியாமல் தொட்டால் கை முழுக்க அரித்துத் தள்ளிவிடும். உள்ளே பளபளப்பான விதை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து எல்-டோபா என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். 'பயோகெமிக்கல் ஜர்னல்' அதை வெளியிட்டது. சில பக்கங்களே உள்ள கட்டுரை. கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்ததும் அதே ஆண்டுதான்.

அந்தப் பொருளால் என்ன பயன் என்று அன்றைக்கு உலகில் யாருக்கும் தெரியாது. மூளையில் டோபமீனுக்கு ஒரு வேலை உண்டு என்பதே தெரியாத காலம். இருபது ஆண்டு கழித்து, 1957-இல், ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, அசையாமல் முடங்கிவிட்டன. பிறகு எல்-டோபா ஊசி போட்டார். சிறிது நேரத்தில் அவை காதை நிமிர்த்தி எழுந்து நடமாடின. 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும், பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையில் டோபமீன் குறைந்திருப்பதைக் கண்டார்கள். 1967-இல் அமெரிக்காவில் காட்சியாஸ், டோபாவை அதிக அளவில் வாய்வழியாகக் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார். கார்ல்சனுக்கு நோபல் பரிசு வந்தது 2000-இல்.

ரெசர்பைன் எங்கிருந்து வந்தது? சர்ப்பகந்தா வேரிலிருந்து. அந்த வேர் மனநோயாளிகளையும் ரத்த அழுத்தம் உள்ளவர்களையும் அமைதிப்படுத்துகிறது என்று கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே எழுதிவிட்டார்கள். ஆக, அந்த முயலின் உடம்புக்குள் போன இரண்டு பொருளும் நம் ஊர்ச் செடிகளில் இருப்பவை. கேள்வி மட்டும் ஸ்வீடனில் முளைத்தது.

இதைச் சொல்வது புலம்புவதற்காக இல்லை. தாமோதரனும் ராமசாமியும் தங்கள் கையில் இருப்பது என்ன பொருள் என்பதை ஐயமில்லாமல் நிறுவினார்கள். அதனால்தான் பூனைக்காலியைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையைக் காட்டுகிறார்கள். இப்போது நம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வரும் மூலிகைக் கட்டுரைகளை நினைத்துப் பார். ஒரு இலை, ஒரு எத்தனால் சாறு, கிலோவுக்கு 200 மில்லிகிராம், 400 மில்லிகிராம் என்று இரண்டு அளவு, எலிகளை நிறுத்த ஒரு பிளஸ் மேஸ், ஒப்பிட டயசெபாம். முடிவில் 'பதற்றத்தைக் குறைக்கிறது' என்று ஒரு வரி. சாற்றில் இருக்கும் மூலக்கூறு எது, அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகிறதா, எந்த ஏற்பியில் உட்காருகிறது என்று எதுவும் இருக்காது. இப்படிப் பத்துக் கட்டுரை சேர்ந்தால் பயோடேட்டா கனக்கும். ஆனால் அடுத்து வரும் ஒருவர் அதன்மேல் கால் வைத்து ஏற முடியாது.

கேள்வியை எங்கே தேடுவது? உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் தேடு.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் தினமும் இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் எப்படி வந்ததென்று தெரிந்திருக்காது. 1928-இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நெஞ்சக நோய்க்கும் உன் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றே காசநோய் வார்டில் பிறந்ததுதான். 1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தவர்கள் வார்டில் நடனம் ஆடினார்கள். அவர்களின் படங்கள் பத்திரிகைகளில்கூட வந்தன. மருத்துவர்கள் அதைப் பக்கவிளைவு என்று குறித்துவைத்தார்கள். அந்த மருந்து மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தடுப்பதை அதே ஆண்டு செல்லர் காட்டினார். ஆனால் மனச்சோர்வுக்கு இதைக் கொடுத்தால் என்ன என்று நேதன் கிளைன் செய்துபார்த்து அறிவித்தது 1957-இல்தான். எல்லோர் கண்முன்னும் நடந்த ஒன்று கேள்வியாக மாற ஐந்து ஆண்டு ஆயிற்று.

இன்றைக்கும் காசநோய் வார்டு நரம்பு மருந்தியலின் ஆய்வுக்கூடம்தான். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது, சிலரை மனச்சோர்வில் தள்ளுகிறது, சிலருக்கு மனம் பேதலித்துவிடுகிறது. அது மூளையில் என்.எம்.டி.ஏ. ஏற்பியில் கிளைசின் உட்காரும் இடத்தில் போய் உட்காருகிறது. அதே மருந்தை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் பயத்தைப் போக்கும் பயிற்சிக்குத் துணையாகுமா என்று அமெரிக்காவில் 2004-இல் உயரத்துக்கு அஞ்சுகிறவர்களிடம் சோதித்தார்கள், பலன் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி பேசவில்லை. லினெசோலிட் இன்னொன்று. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து, ஓரளவு மோனோஅமீன் ஆக்சிடேஸையும் தடுக்கிறது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு இதையும் சேர்த்துக் கொடுப்பதில் ஆபத்து உண்டு. நாள்பட எடுத்தால் பாதம் எரியும், மரத்துப்போகும்.

பாதம் எரிவதைப் பற்றிச் சென்னைக்கு அறுபது ஆண்டுக்கு மேலாகவே தெரியும். சானடோரியத்தில் மின்சார ரயில் ஏறினால், கிண்டியும் மாம்பலமும் தாண்டி, அதே தடத்தில் சேத்துப்பட்டு வருகிறது. அங்கே 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து காசநோய் மருந்து ஆய்வு மையத்தைத் தொடங்கின. வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்டாலும் குணமாவது கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று 1959-இல் அந்த மையம் காட்டியது. உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடிய அது ஒரு காரணம். நெரிசலான வீடுகளில், சத்தான சாப்பாடு இல்லாத குடும்பங்களில் எடுத்த கணக்கு அது.

உன் துறைக்குச் சேரவேண்டிய பாகம் அடுத்தது. ஐசோனியசிட் அதிக அளவில் எடுத்தவர்களில் சிலருக்குக் கால் எரிச்சல் வந்தது. மையத்தில் இருந்தவர்கள் அதை 'பலவீனம்' என்று எழுதிவிட்டுப் போகவில்லை. யாருக்கு வருகிறது, எப்போது தொடங்குகிறது, எவ்வளவு மருந்துக்கு வருகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பதிவு செய்து 1960-இல் வெளியிட்டார்கள். ஐசோனியசிட்டை உடம்பு மெதுவாகச் செயலிழக்கச் செய்கிறவர்களுக்கு அது கூடுதலாக வருவது தெரிந்தது. மருந்து உடம்பில் பி6 வைட்டமினின் வேலையைக் கெடுக்கிறது. நாளுக்குச் சில மில்லிகிராம் பி6 சேர்த்தால் வராமல் தடுக்கலாம் என்பதும் அங்கிருந்து வந்தது. பி6 இல்லாமல் மூளை காபாவைத் தயாரிக்க முடியாது என்பது உனக்குப் பாடம். இன்று காசநோய் மாத்திரையோடு நோயாளி கையில் கொடுக்கும் அந்தச் சின்ன பி6 மாத்திரையில் சேத்துப்பட்டின் உழைப்பும் இருக்கிறது.

இனி ஊரில் இருந்து செய்யலாமா என்ற உன் சந்தேகம். விஜயலட்சுமி ரவீந்திரநாத் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1981-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு 1986-இல் பெங்களூரு நிம்ஹான்ஸில் சேர்ந்தார். மருந்தைச் சிதைப்பது கல்லீரலின் வேலை என்று பாடநூல் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூளையே அதைச் செய்யுமா என்று கேட்டார். இறந்தவர்களின் மூளைத் திசுவில் சைட்டோகுரோம் பி450 நொதிகள் இருப்பதைக் காட்டினார். பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் கல்லீரலில் மாறுவதுபோல் மூளையில் மாறுவதில்லை என்பதும் அவர் குழுவின் கண்டுபிடிப்பு. 1996-இல் பட்நாகர் விருது வந்தது. மானேசரின் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை முதல் இயக்குநராக இருந்து கட்டியெழுப்பினார். அஸ்வகந்தாவை அவர் குழு 2012-இல் எடுத்தபோதும், அல்சைமர் மாதிரி எலிகளில் அது வேலை செய்கிறது என்பதோடு நிற்கவில்லை. கல்லீரலில் எந்தப் புரதத்தின் வழியாக அது நடக்கிறது என்பதுவரை போனார்கள். இலைச்சாறு கட்டுரைக்கும் ஆய்வுக்கும் உள்ள தூரம் இதுதான்.

வெளிநாடு போகவே கூடாதென்று இல்லை. கார்ல்சன்கூட 1955-இல் அமெரிக்காவில் பிராடியின் ஆய்வகத்துக்குப் போய்ச் சில மாதம் இருந்தார். மிக நுண்ணிய அளவில் அமீன்களை அளக்கும் ஒளிர்வு முறையை அங்கே கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். முயல் சோதனை நடந்தது திரும்பிய பிறகுதான். அப்படி ஒரு கைத்தொழிலைக் கற்றுவரப் போ. திரும்பி வருகிறவர்களுக்கு ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப் இருக்கிறது. இங்கேயே தொடங்குகிறவர்களுக்கு இன்ஸ்பயர், இந்தியா அலையன்ஸ் இருக்கின்றன. இந்தியா அலையன்ஸுக்கு வயது வரம்பே கிடையாது. ஜூலியஸ் ஆக்சல்ராட் நாற்பது வயது தாண்டும்வரை முனைவர் பட்டம் இல்லாமலேதான் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். பட்டம் வாங்கியது 1955-இல். நோபல் பரிசு 1970-இல். முப்பது வயதாகிவிட்டதே என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்.

விலங்குக் கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் தலைக்கு மேலே விமானம், பக்கத்தில் ரயில், மே மாதத்தில் கரன்ட் போனால் வெக்கை. எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. நாமோ நமக்கு வசதியான பகல் பதினொரு மணிக்கு அதைத் தூக்கி மேஸில் விடுகிறோம். சோதனை செய்கிறவர் ஆணாக இருந்தாலே எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மன அழுத்தம் கூடி வலி உணர்வு மழுங்குகிறது, ஆண் போட்டிருந்த டி-ஷர்ட்டின் வாசனையே அதற்குப் போதும் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2014-இல் காட்டியது. பெண்கள் கையாண்டபோது அந்த மாற்றம் இல்லை. ஆகவே நேரம், வெப்பம், கூண்டைத் திறந்தவர் யார், நடுவில் கரன்ட் போனதா என்பதையெல்லாம் நோட்டில் எழுது. பேனாவால் எழுது, அன்றைக்கே எழுது.

மூலப் படங்களை அழிக்காதே. மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 2006-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் அல்சைமர் கட்டுரையைப் பின்பற்றிப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அதிலிருந்த வெஸ்டர்ன் பிளாட் படங்கள் திருத்தப்பட்டவை என்று தெரிந்து 2024-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டுகளை யாரும் அவர்களுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

இப்போதைக்கு உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இந்த மாதம் எந்த ஊருக்கும் விண்ணப்பம் அனுப்பாதே. சானடோரியம் மருத்துவமனைக்குப் போய், மருந்துப் பக்கவிளைவைப் பதிவு செய்யும் பார்மகோவிஜிலன்ஸ் பணியில் இருப்பவர்களைப் பார். சைக்ளோசெரினிலும் லினெசோலிட்டிலும் இருக்கிற நோயாளிகளின் தூக்கம், மனநிலை, பாதம் ஆகியவற்றை யார், எந்த வினாத்தாளால், எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்கிறார்கள் என்று விசாரி. கேட்கும் வினாக்கள் நம் நோயாளிகளுக்குப் புரிகிற தமிழில் இருக்கின்றனவா என்றும் பார். அதில் உனக்கு ஒரு கேள்வி கிடைத்தால், நெறிமுறைக் குழுவுக்கான வரைவில் முதல் இரண்டு பக்கத்தை எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வா. பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா
சிட்லபாக்கம்