கட்டாயக் காப்பீடு சட்டப்படி செல்லுமா?



பங்குனி நந்தி திருக்கல்யாணத்துக்கு எங்கள் ஊர் திருமழபாடிக்கு வந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "அண்ணே, கடையில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். பத்தாவது ஆளைச் சேர்த்தால் ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டுமாம். என் சிப்பந்திக்கு நான் வைத்தியம் பார்க்க மாட்டேனா? கட்டாயப்படுத்த அரசாங்கத்துக்கு ஏது அதிகாரம்?"

நமக்கும் ஒரு காலத்தில் இதே கோபம் இருந்தது. ஆகவே விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

அதிகாரம் எங்கே உள்ளது?

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பொதுவான பட்டியலில், 23-ஆவது இனமாகச் 'சமூகப் பாதுகாப்பு, சமூகக் காப்பீடு' என்றே எழுதியிருக்கிறது. நோயுற்றவருக்கு அரசு இயன்றவரை உதவ வேண்டும் என்கிறது 41-ஆவது பிரிவு. ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948-இல் வந்தது. 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் டெல்லியிலும் முதலில் நடைமுறைக்கு வந்தது.

நீதிமன்றம் சொன்னது என்ன?

1964-இல் உச்ச நீதிமன்றம் ஈகிள் ரோலிங் மில்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் முதலாளிகள் அல்லர், தொழிலாளர்கள்! "கம்பெனி தந்த வைத்தியமே மேல், ஓரிடத்தில் அமல், இன்னோரிடத்தில் இல்லை என்பது சமத்துவத்துக்கு விரோதம்" என்றார்கள். ஐந்து நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. இத்தகைய திட்டத்தைப் படிப்படியாகத்தான் கொண்டுவர முடியும் என்றனர்.

1987-இல் ஜெய்ப்பூர் பேண்டு வாத்தியக் குழு ஒன்று, "நாங்கள் கடையே அல்ல" என்று வாதாடித் தோற்றது. சேவையை விற்கும் இடமும் கடையே என்றது உச்ச நீதிமன்றம். தொழிலாளியின் உடல்நலம் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1995-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

அமெரிக்காவில் ஒவ்வொரு தனிமனிதரும் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற சட்டம் 2012-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் தப்பியது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தில் அது செல்லாது, வரி விதிக்கும் அதிகாரத்தில் செல்லும் என்றார்கள். நம் நாட்டிலோ அதிகாரம் அரசியல் சட்டத்திலேயே நேராக எழுதப்பட்டுள்ளது.

கணக்கைப் பார்ப்போம்

2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், சிப்பந்தி பங்கு 0.75 சதவீதம். மாதம் 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு நாம் கட்டுவது 390 ரூபாய், அவர் பங்கு 90 ரூபாய். பத்துப் பேருக்கு நம் பங்கு 3,900 ரூபாய்.

சில வருஷங்களுக்கு முன் நம் கிடங்கில் அரிசி மூட்டை அட்டியிலிருந்து விழுந்து ஒருவருக்குக் கால் முறிந்தது. அப்போது நம்மிடம் எட்டே பேர், ஈ.எஸ்.ஐ. இல்லை. ஊரில் வைத்தியநாத சுவாமி இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். கட்டினோம். முதல் மாதம் முழுச் சம்பளம் கொடுத்தோம், இரண்டாம் மாதம் பாதி. மூன்றாம் மாதம் நம்மால் இயலவில்லை. அவர் வீட்டுப் பக்கம் போகவே கூசியது. ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால், வேலையில் பட்ட காயத்துக்குக் குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்திருக்கும். "நான் பார்த்துக்கொள்வேன்" என்பது நல்ல மனசு. ஆனால் அதற்கு நம் கல்லாப்பெட்டியே எல்லை.

செய்ய வேண்டியது

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டம் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. பத்துப் பேர் என்ற வரம்பு அப்படியே உள்ளது. அதற்குக் குறைந்தவர்களும் விரும்பினால் சேரலாம். பத்தாவது ஆளைக் கணக்கில் காட்டாமல் மறைக்காதீர்கள். ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம் ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது என்று 1989-இல் திருத்தம் வந்தது. 2023-இல் ராதிகா தியேட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

மருந்தகம் பக்கத்தில் வேண்டும், மருந்து தட்டாமல் கிடைக்க வேண்டும் என்று சங்கத்தின் மூலம் கேட்போம். பணம் கட்டுகிறவர்கள் கேட்கும் நியாயம் அது. செல்லுமா செல்லாதா என்ற வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது.