ஊருக்கு வந்த மின்சாரம் வீட்டிற்கு வந்ததா?

சேலம், நாமக்கல் சமவெளியில் கிணற்றை நம்பிப் பயிரிடும் குடியானவர்கள் மிகப் பலர். 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில் 1937 முதல் மின்சாரம் உற்பத்தியாயிற்று. நாளடைவில், கவலை பூட்டி மாடுகள் நீரிறைத்த கிணறுகளில் மின்சாரப் பம்புகள் அமைந்தன. ஆயினும், பம்புக்கு வந்த மின்சாரம் பண்ணையாளின் குடிசைக்கும் வந்ததாகக் கொள்ளலாகாது.

இதற்கு அரசாங்கக் கணக்கே சான்று. கிராம எல்லைக்குள் எங்கேனும், எக்காரியத்திற்கேனும் மின்சாரம் பயன்பட்டால், அது மின்வசதி பெற்ற கிராமம் என்று 1997 வரை கணக்கிடப்பட்டது. காட்டுக் கிணற்றில் ஒரு பம்பு ஓடினாலே போதும். 2004-இல் இவ்விதி இறுக்கப்பட்டது. குடியிருப்புப் பகுதியிலும், ஆதிதிராவிடர் குடியிருப்பு இருப்பின் அங்கும், மின்கம்பி வசதி வேண்டும். பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் முதலிய பொது இடங்களுக்கு மின்சாரம் வேண்டும். நூற்றுக்குப் பத்து வீடுகளேனும் இணைப்புப் பெற்றிருக்க வேண்டும். ஓர் ஊரில் 300 வீடுகள் எனக் கொள்வோம். இவ்விதிப்படி வீட்டுக் கணக்கிற்கு 30 இணைப்புகள் போதும்; மற்ற 270 வீடுகள் இருளில் இருப்பினும் அது மின்வசதி பெற்ற ஊரே!

வீடுகள் பின்தங்கியதற்குக் காரணம் யாது? ஒரு விளக்கு எரியும் குடிசைக்கும் கம்பமும் கம்பியும் வேண்டும். அதனால் வரும் வருமானமோ சொற்பம். ஆகவே கடனை மட்டும் கொண்டு இப்பணியை நிறைவேற்ற இயலாது, மானியமும் வேண்டும்.

அரசாங்க உதவி படிப்படியாக மாறியதை இனிக் காண்போம். 1969-இல் நிறுவப்பெற்ற கிராம மின்மயக் கழகம் மாநில மின்வாரியங்களுக்குக் கடன் வழங்கியது. 1988-89-இல் தொடங்கிய குடீர் ஜோதித் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கு இணைப்பு அளித்தது. 2005-இல் வந்த ராஜீவ் காந்தி கிராம மின்மயத் திட்டத்தில் செலவில் நூற்றுக்கு 90 பங்கு மத்திய அரசின் மானியம். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள வீடுகளுக்கு இணைப்பு இலவசம். 2014-இன் தீனதயாள் திட்டத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மானியம் 60 பங்காயிற்று. 2017-இல் தொடங்கிய சௌபாக்கியா திட்டம் வீட்டையே அலகாகக் கொண்டது. தகுதியுள்ள ஏழைகளுக்கு இணைப்பு இலவசம். ஏனையோர் 500 ரூபாயைப் பத்துத் தவணைகளில் செலுத்தலாம் என்பது அதன் விதி. அத்திட்டம் 2022 மார்ச்சில் முடிவுற்றது.

திட்டம் முடிந்தமையால் தேவை முடிந்துவிடவில்லை. தனிக்குடித்தனம் செல்லும் மகனின் வீடு, ஊருக்குப் புறத்தே எழுந்த குடிசை, பட்டா இல்லாமையால் விண்ணப்பிக்க அஞ்சிய குடும்பம் எனப் புதிய இருள் தோன்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, தத்தம் வார்டில் வீடுதோறும் சென்று, இணைப்பில்லாத வீடுகளைக் காரணத்துடன் குறித்தல். கம்பம் தொலைவோ, பத்திரம் இல்லையோ, பணமுடையோ என்பது தெரிந்தாலன்றிப் பரிகாரம் தேட இயலாது. இரண்டாவது, அப்பட்டியலைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக நிறைவேற்றி, மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்கு அனுப்புதல். மூன்றாவது, குடிசைகளுக்குரிய தனிக் கட்டண வகையில் மின்கட்டணத்தை மாநில அரசே ஏற்கிறது என்பதைத் தகுதியுள்ளோருக்கு எடுத்துரைத்தல்.

கம்பங்களை எண்ணுவது எளிது. விளக்குகளை எண்ணுவதே பஞ்சாயத்தின் கடமை. கடைசி வீட்டில் விளக்கெரியும் நாளே, நம் ஊர் மின்வசதி பெற்ற நாளாகும்.