ஓட்டல் மேஜையில் கியூ.ஆர். கோட்: ஆர்டரும் பணமும்

கோவை காந்திபுரத்தில் ஒரு சிறிய டிபன் கடைக்குச் செல்கிறீர்கள். ஆர்டர் எடுக்க யாரும் வரவில்லை. மேஜையில் கருப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட ஸ்டிக்கர் மட்டும் இருக்கிறது. இதுதான் கியூ.ஆர். கோட். ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், வாகன உதிரி பாகங்களை அடையாளம் காண 1994ல் உருவாக்கப்பட்டது. இதைப் பயன்படுத்துவது எப்படி என்று பார்ப்போம்.

1. மொபைல் போன் கேமராவை ஸ்டிக்கரின் மேல் காட்டுங்கள். ஓர் இணைய முகவரி தோன்றும். அதைத் தட்டினால் பிரவுசரில் மெனு திறக்கும். கம்ப்யூட்டரில் இணைய தளம் பார்ப்பது போலத்தான். பல கடைகளில் உங்கள் மேஜை எண்ணும் அந்த முகவரியிலேயே இருக்கும். எனவே பக்கத்து மேஜை ஸ்டிக்கரைப் பயன்படுத்தினால் உங்கள் தோசை அங்கே போய்விடலாம்!

2. வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து, பணம் செலுத்தும் பட்டனைத் தட்டுங்கள். யு.பி.ஐ. செயலி திறக்கும். யு.பி.ஐ. 2016ல் அறிமுகமானது.

3. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். திரையில் தெரியும் பெயரையும் தொகையையும் படியுங்கள். சரியாக இருந்தால் மட்டும் பின் எண்ணைத் தாருங்கள்.

ஏன் இந்த எச்சரிக்கை? பில்லுக்கென உருவாக்கப்படும் கோடில் தொகையும் சேர்ந்தே வரும். கல்லாவில் ஒட்டியிருக்கும் நிலையான கோடில் பொதுவாக, பணம் பெறுபவரின் யு.பி.ஐ. முகவரியும் பெயரும் மட்டுமே இருக்கும். தொகையை நீங்கள்தான் டைப் செய்திட வேண்டும். அதன் மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால், பணம் அவருக்குப் போய்விடும். கட்டங்களைப் பார்த்து நம்மால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பெயர்தான் ஒரே அடையாளம். பெயர் புதிதாக இருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள். யு.பி.ஐ. லைட்டில் சிறு தொகைக்குப் பின் எண் கேட்காது. அங்கே இன்னும் கவனம் தேவை.

கணக்கில் பணம் குறைந்தும் கடைக்கு உறுதிச் செய்தி வரவில்லையா? உடனே மறுபடி செலுத்த வேண்டாம். முதலில் செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, இப்படி நின்றுபோன பணம் பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.