சம்பளச் சீட்டை வாசிக்கப் பழகுவோம்



சம்பள நாளில் நாம் என்ன செய்கிறோம்? சீட்டை வாங்கி, கடைசி வரியில் உள்ள கைச்சம்பளத்தை மட்டும் பார்க்கிறோம். "இம்புட்டுதானா?" என்று பெருமூச்சு விடுகிறோம். மறுநாள் அந்தச் சீட்டு அடுப்படியில் கிடக்கிறது. ஆனால் நம்முடைய வயசான காலத்துச் சோறு அந்தச் சீட்டில்தான் எழுதியிருக்கிறது. சீட்டு இங்கிலீசில் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படியுங்கள்.

1. பேரை எண்ணுங்கள்

வேலைக்குப் போன நாளையும் எடுத்த கொழுந்தின் கிலோவையும் வீட்டுக் கலண்டரில் அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். அரைப்பேர் போட்ட நாளையும் விடாதீர்கள். சீட்டு வந்ததும் ஒத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் அதே வாரம் ஆபீசில் கேளுங்கள். ஆறு மாசம் கழித்துக் கேட்டால் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

2. பிடித்த காசைப் பாருங்கள்

சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கடன் என்று பல பிடித்தங்கள் இருக்கும். முற்பணம் எத்தனை மாசத்தில் முடியும் என்று எழுதி வையுங்கள். முடிந்த பிறகும் பிடித்தால் சீட்டைக் காட்டிக் கேட்கலாம்.

3. சேமலாப நிதி

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நமக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. நம் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள். நிர்வாகம் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். கணக்கெடுக்கும் சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் பங்கு 1,600, நிர்வாகத்தின் பங்கு 2,400. ஆக மாசம் 4,000 ரூபாய் நம் பேரில் சேர வேண்டும். இது போக, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிர்வாகம் 3 வீதம், அதாவது 600 ரூபாய், கட்ட வேண்டும். அதை நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

சீட்டில் பிடித்திருந்தால் மட்டும் போதாது. அந்தக் காசு கணக்கில் சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் அங்கத்துவ இலக்கத்தைக் கொடுத்து விசாரியுங்கள். பழைய சீட்டுகள்தான் அப்போது நமக்குச் சாட்சி.

4. பெயர் ஒன்றாக இருக்கிறதா?

நம் மக்களுக்குப் பெரிய இடைஞ்சல் இதுதான். செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு விதம். வேலை செய்யும் காலத்தில் யாரும் கேட்பதில்லை. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதுதான், "இது நீங்கதானா அம்மா?" என்று கேட்கிறார்கள். முப்பது வருஷம் கூடை சுமந்தவர் தன் காசுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியிருக்கிறது. ஆகவே பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் இன்றே ஒத்துப் பார்த்து, பிழை இருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். நமக்குப் பிறகு பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பின்னுரித்தாளர் பெயரையும் பதிந்து வையுங்கள்.

5. இரகசிய இலக்கம்

பாங்க் அட்டையின் உறையிலேயே இரகசிய இலக்கத்தை எழுதி வைப்பது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போல. கடன் கொடுத்தவரிடம் அட்டையை அடகு வைக்க வேண்டாம். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று யார் பேசினாலும் சொல்லாதீர்கள். பாங்கிலிருந்து பேசுகிறோம் என்றாலும் சொல்லாதீர்கள். போனை வைத்துவிட்டு பாங்குக்கே நேரில் போய்க் கேளுங்கள்.

வீட்டுப் பாடம்: ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுங்கள். இந்த மாதச் சீட்டை அதில் போடுங்கள். அடுத்த மாதச் சீட்டும் அதற்குள்ளேயே போகட்டும்.