பெயரும் ஒரு செய்திதான்

ஓர் இடைநிலைப்பள்ளியின் கணினிக்கூடம். படிவம் நான்கு மாணவி ஒருத்தி தன் அறிவியல் செயல்திட்டத்தைப் பள்ளியின் பொதுக் கோப்புறையில் சேமிக்க முனைகிறாள். திரையில் பாடங்கள், புறப்பாடம், விளையாட்டுப் போட்டி என்று கோப்புறைகள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றுக்கிடையே ‘கட்டொழுங்கு விசாரணை’ என்ற சொற்களோடு அவளுடைய வகுப்புத் தோழியின் பெயரும் சேர்ந்த ஒரு கோப்புறை இருக்கிறது. அவள் அதைச் சொடுக்குகிறாள். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்ற அறிவிப்பு வருகிறது. ஆயினும், ஓய்வு நேரம் முடிவதற்குள் வகுப்பு முழுவதும் அச்செய்தி பரவிவிடுகிறது.

இங்கே பூட்டு பழுதாகவில்லை. கோப்புறைக்குள் இருந்த ஒரு வரியைக்கூட அம்மாணவி படிக்கவில்லை. வெளியே கசிந்தது பெயர் மட்டுமே. ஒரு கோப்புறையைத் திறக்கும் அனுமதி வேறு. அதன் பெயரைக் காணும் வாய்ப்பு வேறு. மேல்நிலைக் கோப்புறையின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட அனுமதி பெற்றவர், தம்மால் திறக்க இயலாதவற்றின் பெயர்களையும் சேர்த்தே காண்பார்.

இந்த இடைவெளியை அடைக்க ‘அணுகல் அடிப்படையிலான பட்டியலிடல்’ என்னும் வசதி உள்ளது. விண்டோஸ் சர்வர் 2003-க்கு 2005ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் சேவைத் தொகுப்பு இதற்கு வழிசெய்தது. பிந்திய பதிப்புகளில், பகிர்வுக்குரிய அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டாலே இது இயங்கத் தொடங்கும். லினக்ஸ் சேவையகங்களில் கோப்புகளைப் பகிரும் சம்பா மென்பொருளிலும், படிக்க இயலாதவற்றை மறைக்கும் அமைப்பு உண்டு. அதன் பிறகு, பயனர் ஒருவர் பட்டியலைக் கேட்கும்போது, ஒவ்வொன்றையும் படிக்கும் அனுமதி அவருக்கு உண்டா என்று சேவையகம் பார்க்கிறது. அனுமதி இல்லாதவை பட்டியலில் இடம்பெறா. ஆயிரக்கணக்கான கோப்புகள் குவிந்திருந்தால் இச்சோதனை சேவையகத்திற்குக் கூடுதல் வேலைதான்.

இதைவிட எளிதான வழி ஒன்றைச் சிலர் நம்புவதுண்டு. விண்டோஸில் பகிர்வின் பெயருக்கு இறுதியில் டாலர் குறியை இட்டால், அப்பகிர்வு வழக்கமான பட்டியலில் தோன்றாது. ஆனால், முகவரியை அறிந்த எவரும் அதைத் தட்டச்சு செய்து உள்ளே நுழைய முயலலாம். அப்போது தடுத்து நிறுத்துவது அனுமதி மட்டுமே. கதவின் மீது திரையைத் தொங்கவிட்டுப் பூட்டியதாக எண்ணுவது போன்றது இது.

பட்டியலிடல் வசதியும் அனுமதியைப் பின்பற்றியே நடக்கிறது. புதிதாக உருவாகும் கோப்புறை, மேல்நிலைக் கோப்புறையின் அனுமதிகளை இயல்பாகவே பெற்றுக்கொள்ளும். மேலே ‘மாணவர் அனைவரும் படிக்கலாம்’ என்றிருந்தால், கீழே உருவாக்கும் விசாரணைக் கோப்புறையும் எல்லாருக்கும் தெரியும்; திறக்கவும் செய்யும். எனவே, அந்தப் பரம்பரைத் தொடர்பை முதலில் துண்டிக்க வேண்டும். பின்னர், தனிநபர்களுக்கு அல்லாமல் குழுக்களுக்கு அனுமதி வழங்குவது நல்லது. ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிச் சென்றால், குழுவிலிருந்து அவரை நீக்கினால் போதும். நூறு கோப்புறைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மேற்கூறிய பள்ளியில், கணினிப் பொறுப்பாசிரியர் இவற்றைச் செய்து முடித்தார். தம் நிர்வாகிக் கணக்கில் பார்த்தபோது எல்லாக் கோப்புறைகளும் முன்போலவே தெரிந்தன. நிர்வாகிக்கு அனைத்தையும் படிக்கும் அனுமதி இருந்ததால், அந்தச் சோதனை எதையும் காட்டவில்லை. ஆகவே, சோதனைக்கென மாணவர் கணக்கு ஒன்றை உருவாக்கி, கணினிக்கூடத்தின் மற்றொரு கணினியிலிருந்து நுழைந்து பார்த்தார். விசாரணைக் கோப்புறை தென்படவில்லை.

மறுநாள் புதிய ஆலோசகர், தமக்கு வேண்டிய கோப்புறை அழிந்துவிட்டது என்று பதறி வந்தார். குழுவில் அவர் பெயர் அன்று காலையில்தான் சேர்க்கப்பட்டிருந்தது. கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்ததும் கோப்புறை தோன்றியது. மறைந்திருக்கும் ஒன்று அழிந்ததைப் போலவே தோன்றும் என்பதால், யார் எதைக் காணலாம் என்ற பட்டியலைப் பொறுப்பாசிரியர் அச்சிட்டு அலுவலகத்தில் ஒப்படைத்தார்.

கோப்புறையின் பெயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. இப்போது அதில் மாணவியின் பெயர் இல்லை. ஓர் எண் மட்டுமே இருக்கிறது. அந்த எண் யாருக்குரியது என்பது ஆலோசகரின் குறிப்பேட்டில் உள்ளது.