அரபு நாட்டில் ஓர் ஆங்கில நாளேடு

நாளேடு என்றால் ஒரு நாட்டு மக்கள் தம் தாய்மொழியில் நாள்தோறும் படிப்பது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அரபு மொழி வழங்கும் குவைத்தில் ‘குவைத் டைம்ஸ்’ என்னும் ஆங்கில ஏடு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிவருகிறது. அதை நிறுவியவருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. படிப்பவருள் பெரும்பாலோர்க்கும் அன்று. பின் யாருக்காக அந்த ஏடு?

விடை அந்நாட்டு வரலாற்றில் இருக்கிறது. 1938இல் பர்கான் என்னுமிடத்தில் எண்ணெய் கண்டனர். 1946இல் முதன்முதலாக அது கப்பலேறிற்று. எண்ணெயை எடுக்கவும், சாலை போடவும், மருத்துவமனை நடத்தவும் வெளிநாட்டார் வந்து குவிந்தனர். அந்நாளில் அங்கு வழங்கிய பணம் நம் ரூபாய்தான்! 1959இல் வளைகுடா நாடுகளுக்கெனத் தனி நோட்டுகளை நம் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 1961 ஏப்ரலில் குவைத் தினார் வந்தது. சூன் 19ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் யூசுப் சாலிஹ் அல்-அலியான் என்பவர் இவ்வேட்டைத் தொடங்கினார். வளைகுடாவின் முதல் ஆங்கில நாளேடு என்னும் பெயர் அதற்கு உண்டு.

இன்று குவைத்தில் வாழ்வோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வெளிநாட்டார். அவர்களுள் இந்தியரே மிகுதி. அரசின் சட்டமும் ஆணையும் அரபு மொழியில் பிறக்கின்றன. அவற்றை அரபு அறியாதவர் காதில் போடுவதே ஆங்கில ஏட்டின் தலையாய பணி.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் தந்தையார் அங்கே ஒரு பட்டறையில் கிடங்கு எழுத்தராகப் பல ஆண்டுகள் இருந்தவர். ஓர் அறையில் எட்டுப் பேர். அவர்களில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. அலுவலகத்தில் படித்துப் போட்ட ஏட்டை மாலையில் மடித்து எடுத்து வருவார். சோறு உண்டபின் தமிழில் சொல்லுவார். தினாருக்கு எத்தனை ரூபாய் என்று முதலில் கேட்பார்களாம். விசா விதி மாறிற்றா என்று அடுத்துக் கேட்பார்களாம்.

ஒரு கோடையில் அவர் படித்த செய்தி இது: சூன் முதல் ஆகஸ்ட் முடிய, பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை திறந்த வெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது. அறைத்தோழர் ஒருவர் கட்டட வேலை செய்பவர். “எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையே, அண்ணே!” என்றாராம். தந்தையார் அச்செய்தியைக் கத்தரித்துக் கொடுத்தார். மறுநாள் அவர் அதை மேற்பார்வையாளரிடம் நீட்டினார். அன்று பகல் வேலை நின்றது. அடுத்த வாரம் மறுபடியும் தொடங்கிற்று. ஆயினும் அந்தத் துண்டுத்தாளை அவர் சட்டைப்பையில் வைத்தே இருந்தாராம்.

பௌதிகம் பயிலும் எனக்கு அந்த ஆணையின் அருமை நன்கு விளங்குகிறது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை மிஞ்சினால், உடல் தன் சூட்டைக் காற்றிடம் தள்ள முடியாது. சூடு உள்நோக்கிப் பாயும். வியர்வை ஆவியாவது ஒன்றே அப்போது காப்பு. குவைத்தின் மித்ரிபாவில் 2016 சூலை 21ஆம் நாள் பதிவான வெப்பம் 53.9 செல்சியசு! அந்த நாட்டில் நண்பகல் ஓய்வு சலுகையா? இல்லை, உயிர்.

இனி, இவ்வேட்டின் எல்லையையும் நாம் அறியவேண்டும். 2006ஆம் ஆண்டின் அச்சுச் சட்டம் அமீரைக் குறைகூறுவதைத் தடுக்கிறது. ஆகவே ஏடுகள் அளந்து எழுதுகின்றன. மற்றோர் எல்லையும் உண்டு. 2024 சூன் 12ஆம் நாள் விடியற்காலையில் மங்காஃப் என்னுமிடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. நாற்பதுக்கு மேற்பட்ட இந்தியர் மாண்டனர். அயல்நாட்டு ஏட்டின் கணக்கில் அவர்கள் ‘இந்தியர்’. அவர்களுள் எழுவர் தமிழ்நாட்டார் என்பதை நம் ஊர் ஏடுகளைப் பார்த்தே நான் அறிந்தேன். அன்று இவ்விடுதியில் செய்தியைப் படித்தபோது, தந்தையார் ஊர் திரும்பிவிட்டார் என்பது தெரிந்திருந்தும் என் கை நடுங்கிற்று. உடனே வீட்டுக்குப் பேசினேன். “அந்த அறைகளை எனக்குத் தெரியுமடா” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

நண்பர்களே, இந்தி வழங்கும் இந்நகரில் நாமும் ஆங்கில ஏட்டைக் கொண்டே ஊர்நிலை அறிகிறோம். ஆகவே அந்த வாசகரின் நிலை நமக்குப் புதிதன்று. ஓர் ஏட்டைக் கையில் எடுத்தால் மூன்று கேள்விகள் கேட்போம்: இதை நடத்துபவர் யார்? இதைப் படிப்பவர் யார்? யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ, அவர் இதைப் படிக்கக் கூடியவரா?

மூன்றாம் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்தால், படிக்கத் தெரிந்தவன் வாய்விட்டுப் படிக்கவேண்டும். நம் வளாகத்தின் புதிய கட்டடத்தில் வேலை செய்வோருள் நம் மாவட்டத்தார் சிலரும் இருக்கின்றனர். அவர்களுக்குரிய கூலிச் சட்டத்தையும் காப்பீட்டு விதியையும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழில் படித்துச் சொல்லலாமே! என்னுடன் வர விரும்புவோர் சங்க அறையில் பெயர் கொடுக்கலாம்.